பாம்புக்கு வகை தேடிய வாரியம்

நகரியக் குடியிருப்போர் நலக் கூட்டுறவு வாரியத்தின் செயலர் விஜயராஜ் 'இதரம்' என்ற சொல்லை ஒழித்த நாள் அங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள்.

நெய்வேலியில் குடியிருப்பவர்களுக்காக ஒரு கல்யாண மண்டபம், ஒரு பூங்கா, எப்போதாவது திறக்கும் ஒரு நூலகம் ஆகியவற்றை நடத்திவருகிற அமைப்பு அது. அதன் பொதுக்குழுவில், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்த ஒரு சுரங்கத் தொழிலாளி எழுந்து நின்று, "இதரச் செலவு பதினோரு லட்சம்னு போட்டிருக்கீங்களே, அது இன்னாங்க?" என்று கேட்டுவிட்டார். செயலரின் மனம் புண்பட்டது. அடுத்த மாதமே நடவடிக்கை எடுத்தார். செலவை நிறுத்தவில்லை, வகையை நிறுத்தினார்.

"இதரம் என்பது நிர்வாகச் சோம்பேறித்தனம்!" என்று லட்டு விழாவில் அவர் பேசினார். "ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வீடு உண்டு. வீடில்லாத ரூபாய் இனி நம் வாரியத்தில் இருக்காது. போன வருஷம் பதினோரு லட்சம் எங்கே போச்சுன்னு கேட்டாங்க. இந்த வருஷம் யாராலயும் அப்படிக் கேக்கவே முடியாது. அந்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

பலத்த கைதட்டல். மறுநாள் வாசலில் 'இதரமில்லா வாரியம்' என்று பேனர் கட்டப்பட்டது. பேனர் செலவு 'மக்கள் விழிப்புணர்வு' என்ற வகையில் எழுதப்பட்டது.

இந்த வகைகளை எக்செல்லில் ஏற்றி, ஒவ்வொரு வவுச்சருக்கும் எதிரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, வருடக் கடைசியில் வகைவாரியாகத் தொகுத்துக் கொடுப்பது நசீமாவின் வேலை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவள். ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட். கணவன் ஃபாரூக்குக்கு வடலூர் கடைத்தெருவில் குடைக்கடை. மழை பெய்தால்தான் வீட்டில் கறி. ஆகவே மகள் அப்சானாவின் பள்ளிக்கூடச் செலவு நசீமாவின் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

வகைகள் பன்னிரண்டு. அந்தப் பட்டியலில் புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி செயலர் பூட்டுப் போட்டிருந்தார். ஒரே ஒரு வரிசைக்கு வகை இல்லாமல் போனாலும், தொகுப்புப் பக்கத்தின் தலையில் 'முடிவுறாதது' என்று சிவப்பாக நிற்கும். 'முடிவுற்றது' என்று பச்சையாக மாறினால்தான் கான்ட்ராக்ட் ஊழியர்களின் புதுப்பிப்பு ஆணையில் செயலர் கையெழுத்துப் போடுவார்.

ஆரம்பத்தில் நசீமா பயந்தாள். ஆனால் வேலை சுலபமாகவே போனது. செயலரின் வீட்டு ஏ.சி. 'ஆவணப் பாதுகாப்பு', அவர் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். அவருடைய கொடைக்கானல் பயணம் 'மூத்த குடிமக்கள் நலம்'. அவருக்குச் சித்திரையில் அறுபது முடிந்திருந்தது. வாரியக் காருக்கு வாங்கிய நான்கு டயர்கள் 'பசுமை'. ஏன் என்று நசீமா கேட்டதற்கு, "காரு என்னா கலரு?" என்று கண்காணிப்பாளர் வேணு திருப்பிக் கேட்டார். கார் பச்சைதான்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரே ஒரு வரிசை மிஞ்சியது. 'பாம்பு பிடித்த கூலி, எண்ணூறு ரூபாய்.'

அது பிப்ரவரியில் நடந்தது. மண்டபம் பதிவு செய்யச் சனங்கள் நிற்கும் கவுன்டருக்கு அடியில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. செயலர் மேஜைமேல் ஏறிக்கொண்டு, "யாரையாச்சும் கூப்பிடுங்கய்யா!" என்று ஆணையிட்டார். வடலூரிலிருந்து செல்லக்கிளி என்ற பெண் மொபெட்டில் வந்தாள். ஒரு குச்சி, ஒரு தலையணை உறை, அவ்வளவுதான். பிடித்து முடிச்சுப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மேஜையிலிருந்து இறங்காமலேயே செயலர் வவுச்சரில் கையெழுத்திட்டார்.

"சார், இத எதுல போடறது?" என்று நசீமா வேணுவைக் கேட்டாள்.

"கட்டடப் பராமரிப்புல போடும்மா."

பராமரிப்புப் பொறியாளர் விஷ்ணு அன்று மாலையே ஓடிவந்தார். "பாம்பு கட்டடத்தோட பாகமா? எங்க பிளான்ல காட்டுங்க. நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? நான் கட்டின கட்டடத்துல ஓட்டை இருக்குன்னு நானே ஒத்துக்கணுமா?"

பாதுகாப்புப் பிரிவு, பாம்பு கேட் வழியாக வரவில்லை, வருகையாளர் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை, எனவே அது தங்களைச் சார்ந்ததல்ல என்று எழுதியே கொடுத்துவிட்டது. நசீமா 'விருந்தோம்பல்' என்று போட்டுப் பார்த்தாள். வந்தவரைப் பிடித்து வெளியேற்றிய செலவு விருந்தோம்பலில் வராது என்று அந்தப் பிரிவினர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

நசீமாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மற்ற எல்லாச் செலவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார்; அவரே நல்ல இடமாகப் பார்த்து அதைக் குடிவைத்துவிட்டார். பாம்புச் செலவால் வாரியத்தில் ஒருவருக்கும் ஒரு பைசா லாபமில்லை. அதனால் அதற்கு வீடும் இல்லை.

"என் காசுல எண்ணூறு ரூபா கட்டிடறேங்க. வரிசையையே எடுத்துடலாம்" என்றாள்.

வேணு பதறிப்போனார். "கான்ட்ராக்ட் ஸ்டாஃப்கிட்டேர்ந்து வாரியம் பணம் வாங்கறதா? அது வரவு! அந்த வரவுக்கு எந்த வகைன்னு ஆடிட்டர் கேப்பான்!"

'பாம்புச் செலவு வகைப்பாட்டுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. சென்னையிலிருந்து செல்வகுமார் என்ற வகைப்பாட்டு நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவருக்குக் கார், விடுதி அறை, இரண்டு வேளை அசைவச் சாப்பாடு, போகும்போது பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ. இவை ஒவ்வொன்றுக்கும் வகை உடனே கிடைத்தது. நசீமா தேடவேண்டியிருக்கவில்லை, வவுச்சரிலேயே எழுதி வந்தது. மூன்றாவது அமர்வு முடிந்தபோது எண்ணூறு ரூபாயைப் பற்றி ஆலோசித்த செலவு அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அந்த மூன்றாவது அமர்வுக்குத்தான் செல்லக்கிளியைச் சாட்சியாக அழைத்தார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தட்டிலிருந்த முந்திரியைப் பார்த்தாள். ஒருவரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பிடிச்சது என்ன பாம்பு?" என்றார் நிபுணர்.

"நல்ல பாம்புங்க."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல பாம்பா? எழுதிக்குங்க வேணு. 'நல்லது என்று சாட்சி உறுதிப்படுத்தினார்.' இங்கதான் சிக்கலே. நல்லதாக இருந்த ஒன்றை அப்புறப்படுத்த வாரியம் ஏன் செலவு செய்தது?"

"நல்ல பாம்புன்னா வெசங்க. கடிச்சா ஆளு காலி" என்றாள் செல்லக்கிளி.

"அது உங்க கருத்து. பதிவுல 'நல்ல'ன்னுதான் இருக்கு. ஆடிட்டர் பதிவைத்தான் படிப்பார், பாம்பைப் படிக்க மாட்டார்." அவர் செயலர் பக்கம் திரும்பினார். "இன்னொன்னு. வாரிய வளாகத்துக்குள்ள இருந்த ஒரு பொருளை வெளியாள் எடுத்துட்டுப் போயிருக்காங்க. டெண்டர் இல்ல, பதிவேட்டுலேர்ந்து கழிக்கற ஆணை இல்ல. இது செலவுப் பிரச்சினையே இல்ல சார். சொத்துப் பிரச்சினை."

செயலரின் முகம் வெளுத்தது. "அப்ப என்ன செய்யலாம்?"

"எதிர்ப்பதிவு. பாம்பு திரும்ப வந்துட்டா அது போகவே இல்லைன்னு ஆயிடும். போகவே இல்லைன்னா பிடிக்கவே இல்ல. பிடிக்கவே இல்லைன்னா செலவே இல்ல. எண்ணூறைத் திருப்பி வாங்கிக்கிட்டு வரிசையை அழிச்சுடலாம்."

எல்லோரும் அந்த அறிவை வியந்து தலையாட்டினார்கள். மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்த நசீமா மட்டும் செல்லக்கிளியைப் பார்த்தாள். செல்லக்கிளி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அதே பாம்பு ஓணுங்களா, வேற பாம்பு போதுங்களா?"

"அதே பாம்பு!" என்றார் செயலர் கண்டிப்பாக.

"அப்ப எண்ணூற குடுத்துடறேன். ஆனா கொண்டாந்து வுட ஆயிரத்தி ஐந்நூறு ஆவுங்க. புடிக்கறது சுளுவு. வுட்டுட்டு ஓடறதுதான் கஷ்டம்."

துணைக்குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அவள் தலையணை உறையோடு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்த நசீமா மெதுவாக, "அக்கா, அதே பாம்பாக்கா?" என்றாள்.

"போம்மா. அது எந்தக் காட்டுல திரியுதோ. இது உங்க ஊருல ஒரு மாட்டுக்கொட்டாயில கெடந்துது. அவங்களும் கூலி குடுத்துட்டாங்க" என்றாள் செல்லக்கிளி. அலுவலகத்துக்குள் போய், 'அதே பாம்புதான் என உறுதியளிக்கிறேன்' என்ற தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டோர் பதிவேட்டில் ஏற்றினார்கள்: 'பாம்பு, நல்ல. எண்ணிக்கை: ஒன்று. நிலை: இயங்குகிறது.'

இதை எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. உறை அசைந்தது. வேணு கைக்கு எட்டிய முதல் கதவைக் காட்டினார். அது ஆவண அறை. செல்லக்கிளி உள்ளே போய் உறையை அவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

எண்ணூறு அழிந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு நின்றது. 'முடிவுறாதது' என்ற சிவப்பும் அப்படியே நின்றது. நசீமா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். வீட்டில் ஃபாரூக், "பாம்புக்கு ஒரு எடம் கண்டுபுடிக்க இத்தினி பேரா? எங்கியாச்சும் போட்டுட்டு வா" என்றான். எங்கே போடுவது என்பதுதானே கேள்வி என்று அவனுக்கு விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

விடை தணிக்கைத் துறையிலிருந்து வந்தது. ஏப்ரலில் ஆடிட்டர் நேரில் வருவதாகவும், எல்லா வவுச்சர்களையும் ஆவண அறையில் அவரே பார்ப்பதாகவும் கடிதம். செயலர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேணுவிடம், "ஆவண அறையில பாம்பு இருப்பதால்னு ஆரம்பிச்சு ஒரு பதில்..." என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நின்றார். மெல்ல எழுந்தார். ஆவண அறைக்குப் பத்தடி தள்ளி நின்று, மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அன்று மாலை ஊழியர் கூட்டம் போட்டார்.

"எத்தனை வருஷமா அந்த ரூமுக்குப் பூட்டு மாத்தி மாத்தி வாங்கினோம்! என்ன பிரயோஜனம்? பூட்டுன்னா சாவி கேப்பாங்க. சாவி குடுத்தா உள்ள போவாங்க. உள்ள போனா படிப்பாங்க. நம்ம ஆவணங்களுக்கு இப்பதான் உண்மையான பாதுகாப்பு கிடைச்சிருக்கு. அந்த ஜீவனை நாம புண்படுத்தினோம். அது திரும்பி வந்திருக்கு. ஆவணப் பாதுகாப்பு! இதைவிடப் பொருத்தமான வகை உலகத்துல உண்டா?"

"வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸாயிடும் சார்" என்றார் விஷ்ணு.

"நாம பிடிச்சு வெச்சாத்தானேய்யா கேஸ்? நாம பிடிக்கல. அது பணியில சேர்ந்திருக்கு."

ஆயிரத்து ஐந்நூறுக்கு எதிரே நசீமா 'ஆவணப் பாதுகாப்பு' என்று தேர்ந்தெடுத்தாள். தொகுப்புப் பக்கம் பச்சையானது. 'முடிவுற்றது.' பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேணு அவளைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"புது வருஷத்துக்கு ஒவ்வொரு வகைக்கும் உச்சவரம்பு வந்திருக்கு. ஆவணப் பாதுகாப்புல செயலர் வூட்டு ஏ.சி. இருக்கு. பாம்புக்கு மாசம் பால், முட்டை இருக்கு. அதுக்குக் காப்பாளர்னு எனக்குக் கொஞ்சம் படி. உன் சம்பளமும் அதுலதாம்மா இருக்கு. வரம்ப தாண்டுது."

"அப்ப?"

"ஏ.சி. சுவத்துல மாட்டிக் கெடக்குது. கழட்ட முடியாது. பாம்பு சொத்துப் பதிவேட்டுல ஏறிடுச்சு. பதிவேட்டுல ஏறினதெல்லாம் பர்மனென்ட்."

நசீமாவுக்குச் சிரிப்பு வந்தது. "சார், ஒன்பது வருஷமா நான் கான்ட்ராக்ட். அது வந்து ஒரு மாசம் ஆவலிங்க."

"அதுமேல ஏம்மா பொறாமைப்படற? அதுக்கு உள்ள தகுதி அதுக்கு. உன்னப் பாத்து எந்த ஆடிட்டர் பயந்தான் சொல்லு?"

அவளுடைய அனுபவச் சான்றிதழும் சேமநிதித் தாள்களும் ஆவண அறைக்குள் இருந்தன. அவை இல்லாமல் வேறெங்கும் வேலை கேட்க முடியாது. யாராவது எடுத்துத் தருவார்களா என்று மூன்று நாள் கேட்டுப் பார்த்தாள். விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தாள். பாம்பின் காப்பாளர் என்ற முறையில் வேணு அதில், 'பாம்பு அனுமதிக்கும்பட்சத்தில் ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார்.

நசீமா செல்லக்கிளிக்குப் போன் செய்தாள்.

"இன்னும் அங்கியா இருக்கும்? நல்லா கேட்ட போ" என்றாள் செல்லக்கிளி. "நான் அவுத்து வுடும்போதே மூலையில குழா போற ஓட்டையத்தான் பாத்துக்கினு இருந்துது. அன்னிக்கே போயிருக்கும். எதுக்கும் கால நல்லா தட்டிக்கினு போ. எலி கிலி இருக்கப்போவுது."

ஆடிட்டர் வரும் நாளாகப் பார்த்துத்தான் நசீமா போனாள் என்று வேணு பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அப்படியில்லை. அப்சானாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது; அன்றைக்குத்தான் அவளை ஃபாரூக்கின் கடையில் விட்டுவிட்டு வர முடிந்தது. ஆனால் ஆடிட்டர் அங்கே இருந்தார் என்பது உண்மை. வராந்தாவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே பத்தடி தூரத்தில் ஆவண அறை. கதவில் மண்டை ஓடு வரைந்த பலகை. செயலர் வகைவாரித் தொகுப்பை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், இதரம் பூஜ்யம்."

"பிரமாதம்" என்றார் ஆடிட்டர். "நான் பார்த்த வாரியங்கள்லயே இப்படிச் சுத்தமான தொகுப்பு கிடையாது. வவுச்சர்களைப் பார்க்கணும்னு விதி. ஆனா..." அவர் பலகையைப் பார்த்தார்.

அப்போதுதான் நசீமா அவர்களைக் கடந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏம்மா! ஏம்மா!" என்று செயலர் கத்தினார். ஆடிட்டர் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

உள்ளே இருட்டாக இருந்தது. போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, காலை உதைத்து உதைத்து நடந்தாள். கட்டுக் கட்டாக வவுச்சர்கள், தூசி, ஓர் உடைந்த மின்விசிறி. மூலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பாம்புக்கென்று வாங்கிய முட்டையில் ஓர் ஓடுகூடத் தரையில் இல்லை. அவள் அலமாரியைத் திறந்து தன் கோப்பைத் தேடி எடுத்தாள். தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பயம் போய்விட்டிருந்தது, அந்த இடத்தில் கோபம் வந்திருந்தது.

வெளியே வந்து ஆடிட்டருக்கு முன்னால் நின்றாள்.

"உள்ள பாம்பு இல்லிங்க. ஓட்டை வழியா போயிடுச்சு. வவுச்சர் எல்லாம் அப்படியே இருக்கு. நீங்க போய்ப் பாக்கலாம்."

ஆடிட்டர் திறந்திருந்த கதவைப் பார்த்தார்; செயலரைப் பார்த்தார்; இளநீரில் மிச்சமிருந்ததை உறிஞ்சினார்.

"நீங்க இங்க யாரும்மா? பர்மனென்டா?"

"கான்ட்ராக்டுங்க. போன வாரத்தோட முடிச்சிட்டாங்க."

"அப்ப நீங்க இங்க யாருமில்ல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "யாருமில்லாதவங்க சொன்னா, பதிவேட்டுல இருக்கற பாம்பு இல்லாமப் போயிடுமா? சொத்துக் கணக்குல ஒண்ணு குறையுதுன்னு நான் எழுதணும். அப்புறம் அதுக்கு விசாரணை. அந்த விசாரணைக்கும் நான்தான் வரணும்." பேனாவைத் திறந்து, 'ஆவணங்கள் உரிய பாதுகாப்பில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நசீமா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"கதவச் சாத்திட்டுப் போம்மா!" என்று செயலர் பின்னாலிருந்து கூவினார். "ஏம்மா, கதவு!"

அவள் திரும்பவில்லை.

இப்போது நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகளை வாடகைக்கு விடும் நூருல்லாவிடம் கணக்கு எழுதுகிறாள். அங்கே செலவில் இரண்டே வகைதான்: கொடுத்தது, கொடுக்க வேண்டியது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனால் முதல் தேதியில் வருகிறது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் வேணு போன் செய்தார். சுற்றி வளைத்து நலம் விசாரித்தார். வாரியத்துக்குச் சிறந்த நிர்வாக விருது கிடைத்ததைச் சொன்னார்.

"அப்புறம் நசீமா... அந்தக் கதவு அன்னியிலேர்ந்து தொறந்தே கெடக்குது. யாரும் கிட்ட போவ மாட்டேன்றாங்க. வெளியாள் வெச்சுத்தான் சாத்தணும்னு செயலர் சொல்லிட்டாரு. சாத்தற கூலிய எந்த வகையில காட்டறதுன்னு துணைக்குழு ரெண்டு தடவ கூடிடுச்சு. புதுசா வந்த பையனுக்கு ஒண்ணும் தெரியல. நீ வந்து கொஞ்சம்..."

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"லோடு நிக்குதுங்க சார்" என்று சொல்லி நசீமா போனை வைத்துவிட்டு, டீசலுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எண்ணத் தொடங்கினாள்.